வரப்போகும் காரின் சக்கரம்: படத்தில் எதைப் பார்ப்பது, எதை நம்புவது

2025 ஜூன் மாதம் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி நிறுவனம் ஒரு நான்கு கதவு காரைக் காட்டியது. பெயர் கான்செப்ட் ஏஎம்ஜி ஜிடி எக்ஸ்எக்ஸ். முழுக்க மின்சாரத்தில் ஓடுவது, சக்தி 1,000 கிலோவாட்டுக்கு மேல். விற்பனைக்கு வரப்போகும் காருக்கு இது முன்னோட்டம் என்று நிறுவனமே சொன்னது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறமும் தாழ்ந்து வழியும் கூரையும்தான் பலர் கண்ணில் பட்டன. எனக்குக் கண் போனது சக்கரத்தில். அதில் ஐந்து இதழ்கள் இருக்கின்றன. அவை மூடியிருக்கும்போது சக்கரத்தின் முகம் தட்டு போலத் தட்டையாகிவிடும். பிரேக்குக்குக் குளிர்ச்சி தேவைப்பட்டால் திறந்து காற்றை உள்ளே விடும்.

ஒரு சக்கரம் ஏன் மூடித் திறக்க வேண்டும்? இதற்குப் பதில் புரிந்துவிட்டால், எந்தப் புது செடானின் படம் வந்தாலும் அதன் சக்கரத்தை உங்களால் படிக்க முடியும். அதற்கு முதலில் கொஞ்சம் அடிப்படை.

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம். குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி மர வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டா. கார் சக்கரமும் இதேதான். குடம் இருந்த இடத்தில் ஹப், ஆரக்கால் ஸ்போக் ஆனது, வட்டை ரிம் ஆனது, பட்டாவுக்குப் பதில் டயர். நாம் அலாய் வீல் என்று சொல்வது, ஹப்பில் போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி, ஸ்போக், ரிம் மூன்றையும் அலுமினியக் கலவையில் ஒரே துண்டாக வார்த்தது. 1924-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்துக்கு புகாட்டி டைப் 35 கார் அகலமான எட்டு ஆரக்கால் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்து நின்றது. மற்ற கார்களில் கம்பி ஆரங்கள் இருந்த காலம் அது. பிரேக் டிரம்மும் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்தே இருந்தது. நூறு வருடம் ஆகியும் சக்கரத்தை வரைகிறவர் பிரேக்கையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அளவு. டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர்18 என்பது போல ஒரு எழுத்து இருக்கும். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்பது. அதாவது 101 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல் வகை. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் ஒரு பங்கு மில்லிமீட்டர், ஒரு பங்கு விகிதம், ஒரு பங்கு அங்குலம். புதிதாகப் பார்க்கிறவர் குழம்புவதில் வியப்பே இல்லை.

பிஎம்டபிள்யூவின் இன்றைய 3 சீரிஸை எடுத்துக்கொள்வோம். அதன் முன் சக்கரத்துக்கு மூன்று அளவுகள் உண்டு: 225/50 ஆர்17, 225/45 ஆர்18, 225/40 ஆர்19. ரிம்மையும் மேலும் கீழும் உள்ள டயர் சுவரையும் கூட்டினால் மொத்த உயரம் முறையே சுமார் 657, 660, 663 மில்லிமீட்டர். பதினேழிலிருந்து பத்தொன்பதுக்குப் போனாலும் மொத்தச் சக்கரம் 6 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. வளர்ந்தது உலோகம், குறைந்தது ரப்பர். டயர் சுவர் 112-இலிருந்து 90 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது.

பெரிய வீல் என்று நாம் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். மொத்த உயரத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், சக்கரம் மட்கார்டில் உரசும். அதனால் நிறுவனங்கள் ரப்பரைக் குறைத்து உலோகத்தைக் கூட்டுகின்றன. கறுப்பு ரப்பர் வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. பளபளக்கும் உலோகத்தைத்தான் கண் சக்கரம் என்று எடுத்துக்கொள்கிறது. எனவே இரண்டு அங்குலம் ரிம் கூடினால் காரே வேறு காராகத் தெரியும்.

இது ஏன் செடானுக்கு அவ்வளவு முக்கியம்? வடிவமைப்பாளர்கள் காரைச் சக்கரத்தால்தான் அளக்கிறார்கள். பக்கவாட்டுத் தோற்றத்தில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அதே சக்கரம் எத்தனை நிற்கும் என்று பார்ப்பார்கள். மூன்று நின்றால் ஓட்டத்துக்குத் தயாரான உடல்வாகு என்பது பழைய கணக்கு. காரின் உயரம் இரண்டு சக்கர அளவில் அடங்கினால் இன்னும் நல்லது. 3 சீரிஸில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2,851 மில்லிமீட்டர். ஒரு சக்கர விட்டத்தைக் கழித்தால் இடைவெளி ஏறக்குறைய 2,190, அதில் 3.3 சக்கரம் நிற்கும். உயரம் இரண்டு சக்கரத்துக்குச் சற்று மேல். அந்த காரைப் பார்த்ததும் ஸ்போர்ட் செடான் என்று மனசு சொல்வதற்கு இந்த எண்கள் ஒரு பெரிய காரணம்.

இந்தியாவில் விற்கப்படும், சென்னைக்கு வெளியே மகேந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் கோர்க்கப்படும் நீண்ட 3 சீரிஸைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பின் இருக்கைக்கு இடம் வேண்டும் என்று அச்சுகளுக்கு நடுவே 110 மில்லிமீட்டர் கூட்டினார்கள். இடைவெளியில் இப்போது மூன்றரைச் சக்கரம் நிற்கிறது. சக்கரம் அதே சக்கரம்தான். ஆனாலும் ஒரு சுற்றுச் சிறுத்ததுபோல் இருக்கிறது. காலை நீட்டி உட்காரும் சுகத்துக்குக் கொடுத்த விலை அது. குடும்பத்தோடு போகிறவருக்கு அது நியாயமான விலை என்றே நான் சொல்வேன். ஆனால் படத்தில் ஏதோ ஒன்று இடிக்கிறதே என்று தோன்றினால், காரணம் இந்த விகிதத்தில் இருக்கிறது.

காட்சிக்காகச் செய்யும் கான்செப்ட் கார்களுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் மயாமியில் ஜாகுவார் காட்டிய டைப் 00-வுக்கு 23 அங்குலச் சக்கரங்கள். ரிம் மட்டுமே 58 சென்டிமீட்டர். மேடையில் நிற்கும் கார் அரைவட்டம் திரும்ப வேண்டியதில்லை. பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் மேலே ஏறும்போது சக்கரத்துக்கு இடம் விட வேண்டியதில்லை. பனி நாடுகளில் டயருக்குச் சுற்றும் சங்கிலிக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. விற்பனைக் காருக்கு இவை எல்லாமே வேண்டும். அதனால்தான் மேடையில் மட்கார்டை முட்டிக்கொண்டு நின்ற சக்கரம், ஷோரூமுக்கு வரும்போது ஓரிரு அங்குலம் இளைத்து, வளைவுக்கும் டயருக்கும் நடுவே விரல்கள் நுழையும் இடைவெளியோடு வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுவதில் பொருளில்லை. அந்த இடைவெளியில்தான் கார் ஓடுகிறது.

அப்படியானால் படத்தில் எதை நம்பலாம்? சக்கரத்தின் பின்னால் இருப்பதை நம்பலாம். ஆரக்கால்களின் இடுக்கு வழியாகப் பாருங்கள். பிரேக் டிஸ்க் தெரியும், அதைக் கவ்விய காலிப்பர் தெரியும். சக்கரத்தின் குறைந்தபட்ச அளவை முடிவு செய்வது அவைதான். 3 சீரிஸின் அதிவேக வடிவமான பிஎம்டபிள்யூ எம்3-க்குக் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் கார்பன்-செராமிக் டிஸ்க்கின் விட்டம் முன்பக்கம் 400 மில்லிமீட்டர். 18 அங்குல ரிம்மின் விட்டம் 457. டிஸ்க்கைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 28 மில்லிமீட்டர். அதற்குள் காலிப்பரின் தடிமனும் ரிம்மின் தடிமனும் அடங்க வேண்டும், அடங்காது. 19 அங்குலத்துக்குப் போனால் 41 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஆகவே வேகமான செடானில் பெரிய சக்கரம் வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. சாதாரண இன்ஜினும் சின்ன டிஸ்க்கும் உள்ள காரில் அதே 19 அங்குலத்தை மாட்டினால் அது அலங்காரம்தான். பெரிய ஆரக்கால்களுக்குப் பின்னால் சின்னத் தட்டு தனியாக நிற்பது நன்றாகவே தெரியும்.

எம்3-இன் காம்பெடிஷன் வடிவத்தில் இன்னொன்றும் கவனிக்கலாம். முன்னால் 275/35 ஆர்19, பின்னால் 285/30 ஆர்20. பின் ரிம் ஒரு அங்குலம் பெரிது. கணக்குப் போட்டால் மொத்த உயரம் 675-ம் 679-ம். நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னங்கால்களை ஊன்றிப் பாயத் தயாராக இருக்கும் மிருகம்போல் தெரிகிறது. இந்தச் சின்னத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி அந்த இதழ்களுக்கு வருவோம். வேகமாகப் போகும் காருக்குக் காற்றுதான் முதல் எதிரி. சுழலும் சக்கரம் காற்றைக் கடைந்து பக்கவாட்டில் வீசி எறிகிறது. மொத்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய கால் பங்கு சக்கரங்களாலும் அவை இருக்கும் குழிகளாலும் வருவதாகப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆரக்கால்களுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால் கடைசல் கூடும். மூடிவிட்டால் குறையும். பெட்ரோல் கார்களில் இதைப் பெரிதாகக் கவலைப்படாமல் விட்டுவிட்டார்கள்; பிரேக்குக்குக் காற்று வேண்டும், பார்க்கவும் திறந்த சக்கரம்தான் வேகமாகத் தெரிந்தது. மின்சாரக் கார் வந்ததும் கதை மாறியது. ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் வாங்குகிறவரின் முதல் கேள்வி. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்துவிடுவதால், பிரேக் டிஸ்க்குக்கு வேலையும் குறைவு, சூடும் குறைவு. எனவே சக்கரத்தை மூடலாம். மெர்சிடிஸ் தன் மின்சாரக் காரான ஈக்யூஎஸ்ஸின் காற்றுத் தடை எண்ணை (இது குறையக் குறைய நல்லது) 0.20 என்று அறிவித்தபோது, அந்த எண் 19 அங்குலச் சக்கரம் போட்ட வடிவத்துக்குத்தான் உரியது. 21 அங்குலமும் அதே காருக்குக் கிடைத்தது. எண்ணை நிரூபிக்க மட்டும் சின்னது தேவைப்பட்டது.

ஐரோப்பாவில் இதைச் சட்டமே வெளிக்கொண்டு வந்துவிட்டது. கார் எவ்வளவு எரிபொருளோ மின்சாரமோ செலவழிக்கும், எவ்வளவு தூரம் ஓடும் என்று அளக்கும் டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையில், காரின் மாடலுக்குப் பொதுவாக ஒரு எண் போட்டால் போதாது. வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கும் சக்கரம், டயர் போன்றவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் நிறுவனத்தின் தளத்தில் காரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வரும்போது, பெரிய சக்கரத்தை அழுத்தினால் ஓடும் தூரம் கண் முன்னாலேயே குறையும். அழகுக்கு விலை கிலோமீட்டரில் வருகிறது.

ஏஎம்ஜிக்கு இதில் கூடுதல் சிக்கல். பந்தயத் தடத்தில் விரட்டி ஓட்டுகிறவர்களுக்காகச் செய்யும் கார் அது. அங்கே மோட்டார் மட்டும் வண்டியை நிறுத்திவிடாது, டிஸ்க் செந்தணலாகும். மூடினால் தூரம் கிடைக்கும், திறந்தால் குளிர்ச்சி கிடைக்கும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் போட்ட விடைதான் அந்த இதழ்கள். 2025 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டத் தடத்தில் அந்த கார் எட்டு நாளுக்குள் 40,075 கிலோமீட்டர் ஓடியது. பூமியின் சுற்றளவு அது. மணிக்கு 300 கிலோமீட்டரில் நாள்கணக்கில் போகிற வண்டிக்குச் சக்கரத்தின் முகம் எப்படி இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. இதே அசையும் இதழ்கள் விற்பனைக் காரின் எல்லா வடிவத்திலும் வரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அசையும் பாகம் என்றால் சேறு, கல், பனி, எடை எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் அகலமான தட்டையான ஆரக்கால்கள், விளிம்பு வரை நிரப்பிய முகம், குறுகிய இடுக்குகள் என்ற அந்தச் சாயல் தங்கும். வரப்போகும் மின்சார செடான் எதுவானாலும் இந்தச் சாயலுக்குத்தான் நான் பந்தயம் கட்டுவேன்.

தோற்றத்தைப் பற்றி இன்னும் சில. ஆரக்கால்கள் ரிம்மின் ஓரம் வரை போய் முட்டினால் சக்கரம் பெரிதாகத் தெரியும். ஓரத்தில் தனியாக ஒரு வளையம் விட்டால் சிறிதாகவும் ஆழமாகவும் தெரியும். இதை நினைவில் வைத்தால், 18 அங்குலமே 19 போலத் தோன்றும் வடிவங்களைக் கண்டுபிடித்துவிடலாம். ஐந்து ஆரக்கால் அடிக்கடி வருவதற்கு ஒரு எளிய காரணம் ஐந்து போல்ட். போல்ட்டுக்கும் ஆரத்துக்கும் கணக்கு ஒத்துப்போகும். நடுப்பகுதி குழப்பமில்லாமல் இருக்கும். ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் 1970-இல் தொடங்கிய சக்கர நிறுவனமான பிபிஎஸ், மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வலைப்பின்னல் சக்கரத்தால் பேர் வாங்கியது. இன்றும் பழைய பாணியில் ஒரு செடானை வரைய நினைக்கிறவர்கள் அதைத்தான் தொட்டுக்கொள்கிறார்கள். அழகில் குறையில்லை, ஆனால் ஓட்டைகள் அதிகம். காற்றுக்கும் துடைக்கிறவர் விரலுக்கும் சிரமம்.

விசிறி போலச் சாய்ந்த ஆரக்கால்களைப் பார்த்தால் காரின் மறுபக்கத்தையும் தேடிப் பாருங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி வார்ப்பு அச்சு செய்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே திசையில் சாயும். செலவை மிச்சம் பிடித்து ஒரே அச்சில் நாலையும் வார்த்திருந்தால், ஒரு பக்கம் முன்னோக்கி ஓடும், மறுபக்கம் பின்னோக்கி ஓடுவதுபோல் இருக்கும். ஆடம்பர கார் என்று விலை சொல்கிறவர் இதில் மிச்சம் பிடித்தால் எனக்கு மனசு ஒப்பாது.

நிறத்தில், முகத்தை மட்டும் கடைந்து வெள்ளியாக விட்டு உட்பகுதியைக் கறுப்பாக்கும் டைமண்ட் கட் பாணி படத்தில் அள்ளும். கடைந்த உலோகத்தைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே. நடைபாதைக் கல்லில் ஒருமுறை உரசி அது உடைந்தால், உள்ளே ஈரம் புகுந்து வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் அரிப்பு பரவும். முழுக்கக் கறுப்பு வேறு மாதிரி. வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் டயரும் ரிம்மும் ஒன்றாகிவிடும். ஆரக்கால் எத்தனை என்றுகூடத் தெரியாது.

எடையும் ஒரு கணக்கு. சக்கரம், டயர், பிரேக் இவை ஸ்ப்ரிங்குக்குக் கீழே இருப்பவை. மேலே இருக்கும் உடம்பை ஸ்ப்ரிங் தாங்கும். கீழே இருப்பதைச் சாலை நேரடியாகத் தூக்கிப் போடும். அது கனமாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் துள்ளி, திரும்பத் தரையைப் பிடிக்க நேரமாகும். எனவே சாதாரண வார்ப்பு, வார்த்தபின் சுழற்றி உருட்டி ரிம்மை மெலிதாக்கிய ஃப்ளோ ஃபார்மிங், திடமான கட்டியை அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜிங் என்று மூன்று படி. படியேற ஏற எடை குறையும், விலை கூடும். கிடைக்கும் சக்கரங்களின் பட்டியலில் ஃபோர்ஜ்டு என்ற சொல் இருந்தால், அளவைவிட அதுதான் நல்ல சேதி.

குறைந்த ரப்பரின் கஷ்டத்தை நான் ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் கண்ணால் பார்த்தேன். நண்பரின் செடான், 19 அங்குலம். எண்பது தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று போயிருந்தோம். கழற்றிப் பார்த்தால் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மெக்கானிக் அதைப் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றிவிட்டு, "முன்னாடி பாக்காதீங்க சார், பின் விளிம்பைப் பாருங்க" என்றார். சுழலும் விளிம்பு ஒரு இடத்தில் மட்டும் நெளிந்து நெளிந்து வந்துபோனது. கையால் தடவினால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குழிவு. ஆரக்கால்கள் வெளிப்பக்க முகத்தோடுதான் சேர்ந்திருக்கின்றன. உள் விளிம்புக்குப் பிடிமானம் இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் 90 மில்லிமீட்டர் ரப்பர் நசுங்கி முடிந்ததும் அடி நேராக அங்கே விழுந்திருக்கிறது. நம் சாலைகளுக்கு வரப்போகும் எந்த செடானிலும் பெரிய சக்கரம் கட்டாயமா, ஒரு அளவு குறைத்தும் கிடைக்குமா என்று நான் தேடுவது அன்றிலிருந்துதான்.

கடைசியாக, திருட்டுத்தனமாக எடுக்கப்படும் சோதனைக் கார் படங்கள். சுவீடனின் ஆர்யெப்லாக் பகுதியில் உறைந்த ஏரிகளின் மேல் ஓடும் கார்களில் பெரும்பாலும் தடித்த சுவருள்ள பனிக்கால டயரும் அதற்கேற்ற சிறிய ரிம்மும் இருக்கும். அதைப் பார்த்து சக்கரம் இவ்வளவுதானா என்று சோர்ந்துபோக வேண்டாம். விற்பனைக்கு வரும் ஆரக்கால் வடிவமும் அதுவாக இருக்க வேண்டியதில்லை. உடம்பை எத்தனை வரித் துணியால் மூடினாலும் அச்சுகளுக்கு நடுவேயான நீளத்தையும் டயரின் மொத்த உயரத்தையும் மறைக்க முடியாது. நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். திரையில் ஒரு காகிதத் துண்டை வைத்து டயரின் விட்டத்தைக் குறியுங்கள். அந்தத் துண்டை முன் டயரின் பின் ஓரத்திலிருந்து பின் டயரின் முன் ஓரம் வரை நகர்த்தி எண்ணுங்கள். பிறகு தரையிலிருந்து கூரை வரை எண்ணுங்கள். மூன்றும் இரண்டுமாக வந்தால், எந்தச் சக்கரம் மாட்டினாலும் அந்த கார் நன்றாக நிற்கும்.